ஆறாவது பள்ளம்

ஐந்து இடங்களில் நிற்க வேண்டிய சுவிட்ச், ஆறாவதாக ஓர் இடத்தில் போய் நின்றது.

மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கிடாரின் மார்பில் துருத்திக்கொண்டிருந்த அந்தச் சின்ன நெம்புகோலை மறுபடி முதல் இடத்துக்குத் தள்ளி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதோடு சுவரில் முட்டியது போல நிற்க வேண்டும். நின்றது. ஆனால் விரல் லேசாகச் சாய்ந்ததும் ‘டிக்’ என்று இன்னொரு பள்ளத்தில் இறங்கி, மற்ற ஐந்தையும்விட வசதியாக உட்கார்ந்துகொண்டது. வெளியே காலையிலிருந்து விடாத மழை. மணி மூன்றுகூட ஆகவில்லை, அதற்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது.

“எவன் கை வச்ச வேலையோ,” என்றாள் சத்தமாக. அடுத்தவன் வேலையைத் திட்டாமல் அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது.

மேஸ்திரி என்பது அவள் பெயர் இல்லை. புருஷன் கேலியாகக் கூப்பிட ஆரம்பித்து, வாடிக்கைக்காரர்கள் மரியாதையாகக் கூப்பிட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டது. வீட்டின் முன்னறைதான் பட்டறை. மின்சாரக் கிடாரில் தந்திகளுக்கு அடியில் இரண்டோ மூன்றோ பிக்கப் இருக்கும். காந்தத்தின் மேல் முடி கனத்தில் கம்பி சுற்றிய சின்னப் பெட்டி, தந்தியின் அதிர்வைப் பிடித்து, சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப்புக்கு அனுப்புவது. எந்தப் பிக்கப் பேச வேண்டும், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது சுவிட்ச். கடையில் வாங்குகிற சுவிட்ச் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். எனக்கு மட்டும் தனியாக ஒரு சத்தம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் இவளிடம் வருவார்கள். இவள் சுவிட்சைப் பிரித்து, பித்தளை நாக்குகளை வளைத்து, அரிசியளவு பள்ளங்களை அரத்தால் ராவி, இல்லாத இடத்தை உண்டாக்கிக் கொடுப்பாள். ஆகவே ஆறாவது பள்ளம் அவளுக்கு ஒன்றும் அதிசயம் இல்லை. கொண்டுவந்தவர் அதைப் பற்றி மூச்சுக்கூட விடாததுதான் எரிச்சலாக இருந்தது.

அந்த ஆளையே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். காலையில் சொட்டச் சொட்ட மழைக்கோட்டோடு உள்ளே வந்தவர் அதைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. கிடாரைப் பெட்டியில் வைக்காமல் கனத்த ரப்பர் பாயில் சுருட்டிக்கொண்டு வந்திருந்தார். தந்தி, வயர் செருகுகிற ஜாக், திருகாணி என்று உலோகம் தெரிகிற இடமெல்லாம் கறுப்பு டேப்.

“அண்ணனோடது. விக்கணும். அஞ்சு இடமும் ஒழுங்கா வேலை செஞ்சா போதும்.”

“அண்ணன் இப்ப வாசிக்கிறதில்லையா?”

“வலது கை இல்ல.”

“அடடா. ஆக்சிடெண்டா?”

“இல்ல. கை அவர் பேச்சைக் கேக்கல,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “எடுத்துட்டோம்.”

ரசீதுகூட வாங்காமல் கிளம்பிவிட்டார். வெளிக்கதவின் இரும்புத் தாழ்ப்பாளைக் கையால் தொடாமல், முழங்கையால் இடித்துத் திறந்துகொண்டு போனார். ‘எடுத்துட்டோமா? டாக்டர் எடுத்துட்டார்னுதானே சொல்லுவாங்க’ என்று அவளுக்கு உறைத்தபோது ஆள் தெருமுனை தாண்டியிருந்தார்.

உள்ளறையிலிருந்து டங், டங் என்று இரண்டு தட்டல் கேட்டது. அது அவள் புருஷன். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை அவனுக்கு. ஐந்து வாரத்துக்கு முன் ஏணியோடு சரிந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்து, எலும்புக்குள் நீளமாக ஒரு இரும்புக் கம்பியைச் செலுத்தி அனுப்பியிருந்தார்கள். எழுந்திருக்க முடியாது. கூப்பிட்டால் மழைச் சத்தத்தில் கேட்காது. அதனால் இரும்புக் கட்டிலின் சட்டத்தில் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் அவள் போக வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு.

“என்ன வேணும் சாமி உங்களுக்கு?”

“ஒண்ணும் வேணாம். நீ இருக்கியான்னு பாத்தேன்.”

“எங்க ஓடிப்போயிடப் போறேன்? தலைக்கு மேல வேலை கிடக்கு.”

“மேஸ்திரி, திங்கக்கிழமை வந்துடுச்சுன்னா நானே எழுந்து வந்து உன் பட்டறையில உக்காந்துடுவேன். அப்புறம் நீ என்னைத் துரத்தவே முடியாது.”

திங்கட்கிழமை வாக்கர் பிடித்து நிற்கவைத்துப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் சுவரில் கரித்துண்டால் கோடு கிழித்து நாள் எண்ணிக்கொண்டிருந்தான். நடக்காமல் போய்விடுவோமோ என்கிற பயம் அவனுக்கு உண்டு. அதைச் சொல்லமாட்டான், கேலியாகப் பேசுவான். அவள் அவனைவிடப் பயந்துபோயிருந்தாள். அவளும் சொல்லவில்லை. தொடையின் பக்கவாட்டில், தையலுக்குக் கீழே, கம்பியின் முனை தோலை லேசாக முட்டிக்கொண்டு தெரியும். அந்த இடம் எரியும்போதெல்லாம் அவன் அதைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து வைத்துக்கொள்வான். இரும்பின் குளிர்ச்சிக்கு இதமாக இருக்கிறதாம்.

“கிடாரு கழுத்துலயும் இப்படித்தான் உள்ள ஒரு இரும்புக் கம்பி இருக்கும்,” என்றாள் போர்வையை இழுத்துவிட்டு. “வளையாம இருக்கறதுக்கு. உங்களுக்கும் அதுக்கும் ஒரே வைத்தியம்.”

“அதுக்காக எனக்கும் தந்தி கட்டிடாதே. ஏற்கெனவே பச்சை வயரு கட்டியாச்சு.”

அது அவளுடைய பைத்தியம். முன்பு இருந்த வீட்டில் குளியலறைக் குழாயில் கரண்ட் பாய்ந்து அவன் தூக்கி எறியப்பட்டான். பிழைத்தது பெரிய விஷயம். அன்றிலிருந்து அவள் இருக்கிற வீட்டில் எர்த் போடாத இரும்பு கிடையாது. பட்டறை ஜன்னல் கம்பி, சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் என்று பச்சை வயரை அவளே சுவரோரமாக இழுத்து ஒவ்வொன்றாக முடுக்கியிருந்தாள். அவன் கட்டிலோடு கிடக்க ஆரம்பித்ததும், தலைமாட்டில் விளக்கும் விசிறியும் மாட்ட வேண்டியிருந்ததால், கட்டில் காலிலும் ஒரு முனை. எங்காவது கரண்ட் கசிந்தால் அது மனுஷன் உடம்பைத் தேடாமல் எர்த்தைத் தேடிப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவள் கணக்கு.

பட்டறைக்குத் திரும்பி, டேப்பை உரித்து, மூடியின் திருகாணிகளைக் கழற்றினாள். பழைய மரமும், பழைய ஈயமும், அதற்கு அடியில் ஈரமான துருவின் வாடையும் வந்தது. கிடாருக்குள் துரு வாடை வர வேண்டிய காரணமே இல்லை. சுவிட்சின் தகட்டில் ஐந்து பள்ளமும் தொழிற்சாலை வெட்டியது. ஆறாவது மட்டும் கையால் ராவியது. ராவினவனுக்குக் கை நடுங்கியிருக்க வேண்டும், ஓரமெல்லாம் கீறல். அந்த இடத்துக்கு எட்டும்படி ஒரு பித்தளை நாக்கை வளைத்து, அதில் வெள்ளை வயர் ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். வயர் எந்தப் பிக்கப்புக்கும் போகவில்லை. மரத்தில் துளைத்த ஓர் ஓட்டை வழியாகக் கழுத்தை நோக்கிப் போனது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். வெள்ளை வயரின் மறுமுனை, கழுத்துக்குள் இருக்கிற இரும்புக் கம்பியில் இருந்தது.

அந்தக் கம்பிக்கு எதற்கு வயர்? அது ஒரு சத்தமும் கொடுக்காது. மரம் வளையாமல் பார்த்துக்கொள்கிற வெறும் இரும்பு.

பழுது பார்த்தவர்கள் மூடிக்கு அடியில் தேதியும் கையெழுத்தும் போட்டுவைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். இங்கே தேதி இல்லை, கையெழுத்து இல்லை. மரத்தில் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுத்திப் பென்சிலால் எழுதியிருந்தது: ‘வெள்ளையைக் கழற்றினால் தொங்க விடவும். எர்த் கூடாது.’

“ரொம்ப நல்லா இருக்கு,” என்றாள் மேஸ்திரி. வயரை எதோடும் சேர்க்காமல் தொங்க விடுகிறவனை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. தொங்குகிற வயர் ஊரில் உள்ள இரைச்சலையெல்லாம் இழுத்துக்கொண்டுவரும். வேண்டாத வயரா, எர்த்தில் போடு, வாயை மூடிக்கொள்ளும். தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம் அது.

கழற்றும் முன் ஒருமுறை கேட்டுவிடலாம் என்று கிடாரை ஆம்ப்பில் செருகினாள். சோதிப்பதற்கு எல்லா மெக்கானிக்கும் செய்வது ஒன்றுதான்: ஸ்க்ரூடிரைவர் முனையால் பிக்கப்பின் தலையில் தட்டுவது. அவள் எப்போதும் இரண்டு தட்டுவாள். முதல் இடம், டொக் டொக். இரண்டாவது, டொக் டொக். ஐந்தும் சரி. மேசை விளக்கின் இரைச்சல் ஆம்ப்பில் ஈ மாதிரி மொய்த்துக்கொண்டே இருந்தது.

ஆறாவது பள்ளத்தில் தள்ளினாள். இரைச்சல் நின்றது.

குறையவில்லை, நின்றது. ஆம்ப் அணைந்துவிட்டதோ என்று பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மழையின் சத்தம்கூடத் தள்ளிப் போன மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றால் அறை எப்படி ஆகிவிடுமோ, அப்படி ஆகியிருந்தது. இரண்டு தட்டினாள்.

ஒன்றுமில்லை.

பிறகு, அவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்த பிறகு, ஆம்ப்பிலிருந்து வந்தது. டொக். டொக். கொஞ்சம் இடைவெளி. அப்புறம் அவள் தட்டாத இன்னொன்று, முன்னிரண்டையும்விடக் கனமாக, கதவைத் திற என்று சொல்கிற கோபத்தோடு. டொக்.

அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். “தட்டினீங்களா?”

“இல்லையே. தட்டணுமா?”

“வேண்டாம். சும்மா கிடங்க.”

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பயமாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு மனசில்லை. எவனோ நடுங்கின கையால் செய்த அரைகுறை வேலை, பழைய ஆம்ப், மழை ஈரம். பயம் வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும். கோபத்தில் கை வேகமாக ஓடும். வெள்ளை வயரின் ஈயத்தைச் சூட்டில் உருக்கி நாக்கிலிருந்து பிரித்தாள். வயர் அவள் விரலுக்குள் ஒருமுறை துடித்த மாதிரி இருந்தது. முனையைச் சுத்தமாக முறுக்கி, மற்ற எல்லா எர்த் வயரும் சேர்ந்து, ஆம்ப் வழியாக வீட்டு எர்த்துக்குப் போகிற இடத்தில் வைத்து, பளபளவென்று ஒரு சொட்டு ஈயம் விட்டாள். ஈயம் இறுகியபோது துரு வாடை போயிருந்தது.

இப்போது ஆறாவது பள்ளம் வெறும் பள்ளம். இரண்டு தட்டினாள். ஒன்றும் வரவில்லை, மூன்றாவதும் வரவில்லை. “அப்படி வா வழிக்கு,” என்றாள். நெம்புகோல் அங்கே போகவே முடியாதபடி ஒரு பித்தளைத் துண்டை வைத்து அடைத்துவிட்டால் வேலை முடிந்தது. துண்டை வெட்டுவதற்குக் கட்டரைக் கையில் எடுத்தாள்.

ஜன்னல் கம்பி தட்டியது.

டங். டங். டங்.

மழைதான். மழைதானே? சாரல் கம்பியில் பட்டால் சடசடவென்றுதானே கேட்கும். கிட்டப் போய்க் கம்பியைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு உள்ளங்கைக்குள் அது தட்டியது, வெளியிலிருந்து இல்லை, இரும்புக்குள்ளேயிருந்து, அவள் கையைத் தள்ளிக்கொண்டு. ஒன்று. இரண்டு. மூன்று. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தாள். கிடாரின் ஜாக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்பை அணைத்தாள், பிளக்கையும் உருவினாள்.

சமையலறையில் தண்ணீர்க் குழாய் தட்டியது.

அவள் அங்கே ஓடியபோது குழாயின் மூக்கில் நின்றிருந்த ஒரு சொட்டு, விழாமல், ஒவ்வொரு தட்டலுக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று. நிறுத்தம். மூன்று. தட்டலில் அவசரம் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போகிறவனுக்கு எந்தக் கதவு திறக்கும் என்று தெரிந்திருந்தால் எப்படித் தட்டுவானோ, அப்படித் தட்டியது. அவள் நடைக்கு வந்து மெயினைக் கீழே தள்ளினாள். வீடு இருண்டது. ஃபிரிட்ஜ் ஒரு முனகலோடு ஓய்ந்தது.

டங். டங். டங்.

மெயினை அணைக்கலாம். எர்த்தை அணைக்க சுவிட்ச் கிடையாது. அதை யாரும் அணைக்கக்கூடாது என்பதற்காகத்தான் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். இது அவளுக்குத் தெரியாதா என்ன? ஊருக்கே சொல்லிக்கொடுப்பவள்.

பட்டறைக்கு ஓடி வந்து, கையிலிருந்த கட்டரால் வெள்ளை வயரை எர்த்திலிருந்து வெட்டினாள். தொங்க விட்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வயரைத் தொங்க விட்டாள். பிறகு பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப்பை எடுத்து, அதன் கிளிப்பை வெள்ளை வயரில் மாட்டி, கிடாரின் கழுத்தில் தட்டினாள்.

டொக். டொக்.

அவ்வளவுதான். மூன்றாவது இல்லை. இரைச்சல் இருந்தது, மழை கேட்டது. அது வெறும் மரம், வெறும் இரும்பு. அங்கே ஒருத்தரும் இல்லை.

போயாச்சு.

குளியலறைக் குழாய் தட்ட ஆரம்பித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஜன்னல் கம்பி. சமையலறைக் குழாய். குளியலறைக் குழாய். தன் கையால் பச்சை வயரை இழுத்த அதே வரிசை. அதற்கு அடுத்தது கட்டில்.

ஓடினாள். நடையில் முட்டி ஸ்டூலில் இடித்தது, தெரியவில்லை. உள்ளறை வாசலில் சறுக்கி, கட்டில் காலருகே குப்புற விழுந்து, இருட்டில் துழாவிப் பச்சை வயரைப் பிடித்தாள். வயர் சூடாக இருக்கும் என்று நினைத்தாள். பனிக்கட்டியாக இருந்தது. கட்டரை வைத்து அழுத்தினாள். நறுக். அறுந்த முனையைக் காலால் சுவரோரம் தள்ளினாள்.

குளியலறையில் தட்டல் நின்றது.

காத்திருந்தாள். மழை. அவள் மூச்சு. அவன் மூச்சு. கட்டில் சட்டத்தில் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். சும்மா இருந்தது. முழுசாக, நல்ல இரும்பு இருக்கிற மாதிரி, சும்மா இருந்தது. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தரையிலேயே உட்கார்ந்து, அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“என்னடி ஆச்சு? கரண்ட் போச்சா?”

“ஆமாங்க. போயிடுச்சு.”

“நல்லாத் தூங்கிட்டேன் போல.” குரல் தூக்கத்தில் குழைந்திருந்தது. “நீயா தட்டினே? கனவுல கேட்டுது.”

“எத்தனை தட்டு?”

“யாரு எண்ணினா? ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு.” அவன் சிரித்தான். ஐந்து வாரத்தில் அவள் கேட்காத சிரிப்பு. “வலியே இல்லடி. கொஞ்சம்கூட இல்ல. ஜில்லுனு இருக்கு.”

அவள் அவன் நெற்றியைத் தடவினாள். வேர்த்திருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். சந்தோஷம் வரவில்லை. பட்டறையில் செல்போன் அடித்தது. கிடாரைக் கொடுத்த அந்த ஆளாகத்தான் இருக்கும். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று எழுந்து போனாள். மணி ஐந்து. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம் கொஞ்சம் மீதமிருந்தது.

“உங்க கிடாரை இப்பவே வந்து எடுத்துட்டுப் போங்க,” என்றாள் எடுத்ததும்.

“வெள்ளை வயரை என்ன பண்ணீங்க?”

“எர்த்ல போட்டேன். போட்டுட்டு வெட்டியும் விட்டேன்.”

அந்தப் பக்கம் நீளமாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதில் வருத்தம் இல்லை. பெரிய பாரத்தை இறக்கிவைத்தவன் விடுகிற மூச்சு அது.

“தெரிஞ்சுதானே குடுத்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா வாங்கியிருப்பீங்களா?” என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எங்கண்ணனுக்குக் கை முறிஞ்சு பிளேட் வச்சிருந்தாங்க. உங்க வீட்ல யாரு உடம்புலயாவது இரும்பு இருக்கா?”

இன்னும் கையிலேயே இருந்த கட்டரை அவள் இறுக்கிப் பிடித்தாள்.

“அம்மா, கேக்கறேன்ல. கையா? காலா?”

பின்னால், நடையில், ஒரு சத்தம். செருப்பில்லாத குதிகால் தரையில் விழுகிற சத்தம்.

டொக்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள். நடையின் இருட்டு. அதில் வெள்ளையாக ஒன்று, போர்வை. இழுபட்டுக்கொண்டு வந்தது.

டொக்.

அவன் வாசலுக்கு வந்துவிட்டான். நின்றுகொண்டிருந்தான். டாக்டர் இல்லாமல், வாக்கர் இல்லாமல், திங்கட்கிழமை வராமல். இடது கால் மட்டும் ஆணி அடித்த மாதிரி நேராக ஊன்றி நின்றது. மற்ற உடம்பு முழுக்க, ஆணியில் மாட்டிய சட்டையாக, அதிலிருந்து தொங்கியது. வலது கால் மடங்கிப் பின்னால் இழுபட்டது. இரண்டு கையாலும் வாசற்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். விழாமல் இருக்கப் பிடிக்கவில்லை. முன்னால் போகாமல் இருக்கப் பிடித்தான். போன வருஷம் அவனே அடித்த பெயிண்ட் அவன் நகத்தடியில் சுருள் சுருளாக உரிந்துகொண்டிருந்தது. தொடையில் தையல் பிரிந்து, அந்த இடத்தில் தோலை உள்ளேயிருந்து ஏதோ மெதுவாக முட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறை. நிறுத்தம். மூன்று முறை.

“நான் நடக்கலடி,” என்றான். முகமெல்லாம் கண்ணீர். “மேஸ்திரி, நான் நடக்கல.”

அவள் கையில் கட்டர் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். காதோரம் போனிலிருந்து அந்தக் குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது, கையா, காலா, சீக்கிரம் சொல்லுங்க, கையா, காலா.

வாசற்காலிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. இடது கால் தரையைவிட்டு எழும்பி, அவளுக்கு நேராக நீண்டு, மூன்றாவது அடியை வைத்தது.